லண்டன் கிடாருக்கு வளைகாப்பு

எங்கள் ‘தேன்சிட்டு மெல்லிசைக் குழு’வின் கிடார் முழுகாமல் இருக்கிற விஷயம் முதலில் தெரிந்தது அதை வாசிக்கிற சுருளிவேலுக்கு அல்ல, அவர் சம்சாரம் லீலாவதிக்கு. சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டில் இருக்கிற ஒரே மெத்தையில் மல்லாந்து கிடந்த அந்தக் கிடாரை, முப்பத்தைந்து வருஷமாகத் திட்டுகிற வழக்கப்படி "ஏந்திரிடி சக்களத்தி, வீடு கூட்டணும்" என்று தூக்கியபோது, நேற்றைக்கு இருந்ததைவிடக் கனம் கூடியிருப்பதும் முதுகுப் பலகை லேசாக மேடு தட்டியிருப்பதும் அவள் கைக்குத் தட்டுப்பட்டது, ரெண்டு பிள்ளை பெற்றவள் கைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "இந்த வயசுல இது தேவையாடி ஒனக்கு?" என்று கேட்டாளாம். கிடார் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் ஜெயவீரன். எங்கள் ஊரான போடியில் ‘மைக் ஜெயவீரன்’ என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து நான்தான் அறிவிப்பாளன், அதனால் இந்தக் கதையில் வருகிற பொய்யில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன், இப்போதே என்னை முறைக்காதீர்கள்.

இது உள்ளே பொந்து உள்ள கிடார் இல்லை, கரண்டில் வாசிக்கிற கட்டைக் கிடார், ஒரே பலாக்கட்டை, ஒரு கடுகு போகிற சந்துகூடக் கிடையாது. அதற்குள் எப்படிப் பிள்ளை தங்கியது என்று யாராவது கேட்பார்கள் என்று நானும் பார்த்தேன், எங்கள் ஊரில் ஒரு ஆள் கேட்கவில்லை, எல்லாரும் கேட்டது யார் காரணம் என்பதைத்தான். டீக்கடையில் ஒரு கட்சி எங்கள் கீபோர்டைச் சந்தேகப்பட்டது, ரெண்டும் எத்தனை வருஷமாக ஒரே வேனில் போய் வருகின்றன என்று கணக்குப் போட்டது. கீபோர்டு வாசிக்கிற ஆல்பர்ட் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்து, "எம் பெட்டி பூட்டுப் போட்டுத்தான் வரும், சாவி என் அர்ணாக்கயித்துல இருக்கு" என்று அரைஞாணைத் தூக்கிக் காட்டப் போனான், வேண்டாம் என்று நாங்களே தடுத்துவிட்டோம். இன்னொரு கட்சி, மாசித் திருவிழாவில் எங்கள் வாத்தியங்களையும் கம்பத்துக் குழுவின் வாத்தியங்களையும் மூன்று நாள் ஒரே அறையில் சாத்தி வைத்ததை ஞாபகப்படுத்தியது, அந்தக் குழுவின் பேஸ் கிடார் சிவப்பும் கறுப்புமாகக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். சுருளி ரெண்டு நாள் ஆத்திரத்தில் இருந்தார், மூன்றாம் நாள் கம்பத்துக்காரனுக்கே போன் போட்டு, "ஒங்க வீட்டுல ரெட்டப் புள்ள வழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

சுகாதார நர்ஸ் அமலோற்பவம் வந்தாள். கர்ப்பிணி என்றால் பதிவு செய்ய வேண்டும், அது அவள் வேலை, கிடாரா மனுஷியா என்று படிவத்தில் கட்டம் கிடையாது. கணவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. சுருளி தலை குனிந்துகொண்டார், லீலாவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அமலோற்பவம் பெரிய மனசு பண்ணி அதை அடித்துவிட்டுக் காப்பாளர் என்று எழுதி, சத்து மாத்திரை முப்பது கொடுத்து, கனமான ஸ்பீக்கர் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், உள்ளே இருப்பது லீடா பேஸா என்று மட்டும் சொல்லுங்கள் என்று சுருளி கெஞ்சியிருக்கிறார், ஸ்கேன் எடுக்கிற அம்மா சுவரில் மாட்டியிருந்த போர்டைக் கையால் தட்டி, "படிச்சுப் பாருங்க, சொன்னா எனக்கு ஜெயிலு" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது அப்போதுதான். புள்ளத்தாச்சிக் கிடார் வந்து வாசித்தால் விளைச்சல் பெருகும் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட, கோயில் கமிட்டிகள் வரிசையில் நின்றார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குக் கச்சேரி கேட்டு வந்தவர்களை லீலாவதி வாசலிலேயே திட்டி விரட்டினாள். கிடாரின் சத்தமும் மாறியிருந்தது. சுருளி ஒரு சுரம் வாசித்தால் அதன் பின்னாலேயே பொடிசாக இன்னொரு சுரம், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை மாதிரி தத்தித் தத்தி வரும். கூட்டத்தில் பெண்கள் அதைக் கேட்டு "அய்யோ" என்று கன்னத்தில் கை வைப்பார்கள், என் வாழ்நாளில் என் அறிவிப்புக்கு ஒருத்தி அப்படிக் கை வைத்ததில்லை.

முப்பத்தைந்து வருஷம் சக்களத்தி என்றே கூப்பிட்ட லீலாவதி, அன்றையிலிருந்து அதற்குத் தாதியாகிவிட்டாள். கிரகணத்தன்று ஜன்னலுக்குச் சாக்கு கட்டி அதை உள்ளே பூட்டி வைத்தாள், மசக்கைக்கு ஒரு கீற்று மாங்காயைக் கம்பிகள் மேல் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் அந்தக் கீற்றில் ஆறு கம்பித் தடம் பதிந்து புளிப்பு வற்றிப்போயிருக்கும், அதை எடுத்துத் தெருவுக்கெல்லாம் காட்டினாள். "எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் இந்த மனுசன் கச்சேரிக்குப் போயிட்டாரு, இவளுக்கு மட்டும் ராத்திரி பகலா ஒக்காந்திருக்காரு பாருங்க" என்று சொல்வாள், சொல்லிக்கொண்டே அதன் முதுகில் விளக்கெண்ணெய் தடவுவாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஏழு வகைச் சாதம், சந்தனம், குங்குமம், எல்லாம் முறைப்படி. கிடாரின் கழுத்தில் கண்ணாடி வளையல் போட வேண்டும், தலையோ அகலம், உள்ளே போகவில்லை, வளையல்காரி சிட்டம்மா சோப்பு நுரையைத் தடவி ஒவ்வொரு திருகாகத் தாண்டி இருபத்தொரு வளையலை ஒன்றுகூட உடையாமல் ஏற்றிவிட்டாள். அதன்பிறகு கிடாரை யார் அசைத்தாலும் கலகலவென்று ஒரு சத்தம், ஆல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், சந்தேகம் எனக்கு மறுபடி வந்தது.

எல்லாம் முடிந்து இலை போடுகிற நேரத்தில்தான் சிட்டம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் வளைகாப்பு முடிந்தால் அதைக் கேட்பதுதானே வழக்கம்.

"தலப்பிரசவம் தாய் வீட்லதான். இன்னிக்கே அழச்சுட்டுப் போயிரணும். பொண்ணுக்குத் தாய் வீடு எது?"

எல்லாரும் சுருளியைப் பார்த்தார்கள். சுருளி கிடாரின் தலையில் பளபளத்த பித்தளைத் தகட்டைப் பார்த்தார். ‘ராயல் டோன், லண்டன்’ என்று அதில் வெட்டியிருக்கும்.

"லண்டன்" என்றார்.

இப்போது அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிடாரின் தாய் வீடு எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுருளி வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில், தங்கப்பழம் என்பவரின் மோட்டார் காயில் கடை. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், எரிந்த செப்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுப்பார். சுருளியும் அவரும் சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சுருளிக்குக் கிடார் ஆசை, வாங்க வழியில்லை, "நான் செஞ்சு தர்றேன்டா" என்று இறங்கினார் தங்கப்பழம். காற்றில் விழுந்த ஒரு பலாமரத்தை அறுத்து, மோட்டாருக்குச் சுற்றுகிற அதே கைமிஷினில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரம் ஆயிரமாகச் சுற்றி, கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கிற ரெண்டு காயிலைக் கட்டி, ஏழு மாதத்தில் ஒரு கிடார் செய்தார். தலையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ‘தங்கப்பழம், போடி’ என்று சுட்டார். மொத்தம் அவர் செய்தது மூன்று கிடார், முதல் ரெண்டும் சரியாக வரவில்லை, இது மூன்றாவது. அதன் சத்தம் இருக்கிறதே, போங்கள், அதற்கு நான் அறிவிப்பு கொடுத்தால் அதற்குத்தான் அவமானம்.

முதல் கச்சேரிக்குக் கேட்கப் போன இடத்தில் கமிட்டித் தலைவர் கிடாரின் தலையைப் படித்துவிட்டு, "நம்ம காயில் கடைக்காரன் செஞ்சதா? வாசிச்சா தண்ணி வருமாய்யா?" என்றார். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுருளிக்கு வயசு இருபத்தாறு, அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்துவிட்டது, வீட்டுக்கு வந்து உப்புத்தாளால் அந்தப் பேரைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் போய் ஒரு பித்தளைத் தகட்டில் லண்டனை வெட்டி வாங்கி நாலு ஆணி திருகிவிட்டார்.

அரங்கேற்றத்துக்குத் தங்கப்பழம் புதுச் சட்டை போட்டு, சம்சாரம் பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். தன் பேரைச் சொல்வார்கள் என்று முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, "கடல் கடந்து, கப்பல் ஏறி வந்த லண்டன் கிடாருடன், இதோ, லண்டன் சுருளி!" என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. தங்கப்பழம் ஒரு பாட்டு வரைக்கும் இருந்தார், ரெண்டாவது பாட்டின் பாதியில் எழுந்து போனார், பேச்சியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மேடையிலிருந்து நான் பார்த்தேன். அதன்பிறகு அவர் கிடார் செய்யவில்லை. எங்களிடம் சண்டைக்கும் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வளைகாப்புப் பந்தலில் லீலாவதி சாம்பார் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "லண்டன்னா பாஸ்போர்ட் எடுங்க" என்றாள்.

"ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சுருளி பாயாசத்துக்குப் போய்விட்டார்.

எட்டு வந்தது, ஒன்பது வந்தது, பத்து முடிந்து பதினொன்றும் பிறந்துவிட்டது. கிடாருக்கு வலி மட்டும் எடுக்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த குட்டிச் சுரம் முதலில் நின்றது, பிறகு பெரிய சுரமும் கம்மிப்போனது. கம்பிகள் தொடாமலே ஒவ்வொன்றாக அறுந்தன. முதுகில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் கிளம்பி, தினம் ஒரு விரற்கடை மேலே ஏறியது. அமலோற்பவம் வந்து காது வைத்துக் கேட்டு, "தாய் வீட்டுக்குப் போகாம இது பெறாது. விரிசல் கழுத்துக்கு வந்துச்சுன்னா ரெண்டு உசுரும் இல்ல. அம்புட்டுத்தான்" என்றாள்.

சுருளி என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். மனுஷன் அழுதார். "லண்டன் இல்லன்னு ஆயிப்போச்சுன்னா நான் யாருய்யா? சுருட்டு சுத்துன முனியாண்டி மகன். எவன் கை தட்டுவான்? எந்த மொகத்த வச்சுக்கிட்டு தங்கப்பழம் வாசல்ல நிப்பேன்?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷம் லண்டன் லண்டன் என்று கத்திய வாய் இது, நான் மட்டும் என்ன யோக்கியம்.

கொல்லைக் கதவு திறந்தது. லீலாவதி கிடாரைத் தன் கல்யாணப் பட்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். "நீங்க லண்டன்லயே இருங்க. நான் எம் பொண்ண அவ ஆத்தா வீட்ல விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போன ஆட்டோவைக் கை நீட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். சுருளி பனியனோடு பின்னால் ஓடினார், அவர் பின்னால் நான், என் பின்னால் ஆல்பர்ட், ஆல்பர்ட்டுக்குப் பின்னால் பாதிப் போடி.

தங்கப்பழம் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, கை அதே கைதான். கூட்டத்தைப் பார்த்தார், பட்டுச் சேலையைப் பார்த்தார், கடைசியில் மூச்சிரைக்க நின்ற சுருளியைப் பார்த்தார்.

"வாங்க லண்டன்காரரே" என்றார். "வழி தெரிஞ்சுதா?"

சுருளி வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மா ஆரத்தித் தட்டோடு உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "மாசமா இருக்க பொண்ண வெயில்ல நிப்பாட்டி நக்கல் பேசுறீங்களே, கூறு இருக்கா ஒங்களுக்கு? நீ உள்ள வா தாயி" என்று கிடாருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, லீலாவதியின் இடுப்பிலிருந்து தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அவள் கண் தகட்டில் விழுந்தது. "பிரசவத்துக்கு நக நட்டக் கழட்டணும்ல" என்று புருஷனைப் பார்த்தாள். தங்கப்பழம் திருப்புளியை எடுத்து நாலு ஆணியையும் நிதானமாகக் கழற்றி, பித்தளைத் தகட்டைச் சுருளியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இந்தாங்க, ஒங்க வீட்டு நக. பத்திரமா வச்சுக்கங்க."

பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் நாங்கள் எரிந்த மோட்டார்களுக்கு நடுவில் நின்றோம், தங்கப்பழம் தலை நிமிராமல் கம்பி சுற்றினார். உள்ளேயிருந்து முதலில் வளையல்கள் நொறுங்குகிற சத்தம், பிறகு மரம் முனகுகிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. பேச்சியம்மா "வயரச் செருகுங்கடி!" என்று கத்தியது கேட்டது. அவ்வளவுதான், கடையில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ‘ங்ஙா’ என்று ஒரு சுரம் கிளம்பிக் கூரை ஓட்டைப் பிய்த்தது. பெரிய சுரத்தின் பின்னால் தத்தி வந்துகொண்டிருந்த அதே சுரம்தான். தங்கப்பழத்தின் கையிலிருந்த கம்பி அறுந்துவிட்டது, அவர் கையில் கம்பி அறுந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண் பிள்ளை, முழங்கை நீளம், பால் நிறப் பலாக்கட்டை, ஆறு கம்பியும் பிறக்கும்போதே இருந்தது. தாயின் முதுகு விரிசல் மூடிக்கொண்டு தழும்பு மட்டும் நின்றது. சுருளி ரெண்டையும் வாரிக்கொள்ளப் போனார், பேச்சியம்மா குறுக்கே நின்றாள்.

"தாயும் புள்ளையும் சொகம். மூணு மாசம் முடிஞ்சு, சீரோட வந்து, பேரு வச்சு அழச்சுட்டுப் போங்க."

தங்கப்பழம் அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்ன பேருன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறதா வேணாமான்னு நான் சொல்லுவேன்."

அந்த மூன்று மாதமும் எங்கள் பிழைப்பு நாறிப்போனது. ஆல்பர்ட் கீபோர்டிலேயே கிடார்ச் சத்தம் வரவழைத்தான், ஜனம் எழுந்து போய் சுண்டல் வாங்கியது. சுருளி மேடை ஓரத்தில் கைதட்டித் தாளம் போட்டார். சாயங்காலம் ஆனால் காயில் கடை எதிரே நின்று, உள்ளே குழந்தை அழுகிறதா சிரிக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார். பேர் விஷயத்தில் ஊர் ரெண்டாகப் பிரிந்தது, விக்டோரியா என்று ஒரு கட்சி, ரோஸ்மேரி என்று ஒரு கட்சி, எப்படியும் மனுஷன் லண்டனை விடமாட்டார் என்பதில் மட்டும் ரெண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

பேர் வைக்கிற அன்று காலை பதினோரு தட்டு எடுத்தோம். பழம், பூ, பட்டு உறை, புதுக் கம்பி ஒரு செட், புது வயர் ஒன்று. தெரு முனையிலும் கடை வாசலிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். குழந்தையை வயர் பிடுங்கினால் அழுகிறது என்று பேச்சியம்மா அதைச் செருகியபடியேதான் தொட்டிலில் போட்டிருந்தாள், யாரோ மைக் செட்காரன் அந்த ஆம்ப்ளிஃபயரையும் குழாயோடு சேர்த்து இழுத்து விட்டிருந்தான், தொட்டிலை ஆட்டுகிற கிறீச்சென்ற சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

பேரைப் பிள்ளையின் காதில் மூன்று தடவை ரகசியமாகச் சொல்ல வேண்டும். சுருளி தொட்டில் பக்கத்தில் போய், தடவித் தடவிப் பார்த்து, "காது எதுன்னு தெரியலயே" என்றார்.

"காயில்தான் காது" என்றார் தங்கப்பழம். "நான் கட்டுன காயில் மாதிரியேதான் இருக்கு. மெதுவாச் சொன்னாலும் கேக்கும்."

சுருளி மடியிலிருந்து எதையோ எடுத்தார். அந்தப் பித்தளைத் தகடு. அதை எதிரில் கிடந்த பழைய இரும்புக் குவியலில் போட்டார், டங் என்று ஒரு சத்தம். பிறகு குனிந்து, காயிலுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், உதடு அசைவதுகூடத் தெரியாமல் சொன்னார்.

"தங்கப்பழம்."

ரெண்டு குழாயும் அதை வாங்கி உரக்கச் சொன்னது. தெரு கேட்டது, பஸ் ஸ்டாண்டு கேட்டது, கம்பம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், அன்றைக்கு "தண்ணி வருமா" என்று கேட்ட கமிட்டித் தலைவர் மூன்றாவது சந்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார், அவரும் கேட்டார். வயர் செருகியிருப்பதை மறந்து சொல்லிவிட்டார் என்று சிலர் இன்றைக்கும் பேசுகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் மேடையில் நின்ற மனுஷனுக்கு வயர் செருகியிருப்பது தெரியாதா? ரெண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை குரல் உடைந்து, பேரில் பாதிதான் வந்தது, மீதியைக் குழந்தையே வாசித்துவிட்டது.

எல்லாரும் தங்கப்பழத்தைப் பார்த்தோம். அவர் எழுந்து வந்தார். சுருளியின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார், பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு, தொட்டில் பக்கம் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

"பொட்டப் புள்ளைக்குப் போயி எம் பேர வைக்கிறியேடா, கூறுகெட்ட பயலே" என்றார், அந்தக் காயில் அதையும் விடாமல், அவர் மூக்கை உறிஞ்சியதையும் சேர்த்து, கம்பம் பஸ் வரைக்கும் சொல்லிவிட்டது.